கேம்பர் கட்ட எந்த டிரெய்லர் ஃபிரேம்? பெங்களூரில் கிடைக்கும் நான்கு வழிகள்

காருக்குப் பின்னால், உள்ளே படுத்துறங்கும் வசதியுள்ள டிரெய்லரான ஒரு சின்ன கேம்பரை மாட்டிக்கொண்டு ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் போய்வர ஆசைப்படுகிறவர்கள் பெங்களூரில் நிறையப் பேர். மேலே வரும் பெட்டிக்குப் படங்களுக்கும் அளவுகளுக்கும் பஞ்சமில்லை. எல்லோரும் மாட்டிக்கொள்வது அடியில் வரும் ஃபிரேமில்தான்: கம்பெனி டிரெய்லரை வாங்குவதா, பீன்யா பக்கம் ஒரு பட்டறையில் அளவு கொடுத்து அடிப்பதா, பழைய ஜெனரேட்டர் ட்ராலியைப் பிடிப்பதா, ஓய்ந்துபோன மாருதி ஆம்னி வேனின் பின்பாதியை வெட்டி எடுப்பதா?

நம் பட்டறைகளில் 'ஸ்ட்ராங்' என்றால் கனம் என்று அர்த்தம். கேம்பரைப் பொறுத்தவரை அந்த அர்த்தமே முதல் எதிரி. ஃபிரேமில் கூடும் ஒவ்வொரு கிலோவும் படுக்கையிலும் தண்ணீரிலும் குறைய வேண்டிய கிலோ.

## எதை வைத்து முடிவு செய்வது

எடை. காரின் கையேட்டில் டோயிங் (இழுவை) பகுதியைத் திறந்து பாருங்கள். பிரேக் இல்லாத டிரெய்லர் எத்தனை கிலோ வரை இழுக்கலாம், டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தின் மேல் எத்தனை கிலோ இறங்கலாம் என்று இரண்டு எண்கள் வேண்டும். இங்கே விற்கும் பல கார்களின் கையேட்டில் இந்த எண்களே இருக்காது. சிலவற்றில் இழுக்கக் கூடாது என்றே எழுதியிருக்கும். அப்படி இருந்தால் ஃபிரேம் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் வண்டியைப் பற்றி யோசியுங்கள். அதே பெயரில் வெளிநாட்டில் விற்கும் காரின் எண்ணை எடுத்து இங்கே பொருத்தாதீர்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் சஸ்பென்ஷனும் வேறாக இருக்கக்கூடும்.

இரண்டு பேர் படுக்கிற, 2.4 மீட்டர் நீளம் 1.5 மீட்டர் அகலத் தளமுள்ள கேம்பருக்கு ஒரு கணக்கு: ஃபிரேம், ஆக்சில், சக்கரம் எல்லாம் சேர்த்து 160 கிலோ. பிளைவுட்டும் வெளித் தகடும் 170. படுக்கை, அடுப்படி, பேட்டரி, தண்ணீர் 100. பெட்டி படுக்கை 60. மொத்தம் 490. ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உச்சவரம்பு 750 கிலோ. உங்கள் கார் அதற்கும் மேல் அனுமதித்தாலும், இலக்கை 500-லேயே வையுங்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு சுலபமாகக் கைநழுவும் என்பதற்கு ஓர் உதாரணம். எட்டுக்கு நான்கடி பிளைவுட் 12 மி.மீ. தடிமனில் ஏறக்குறைய 25 கிலோ, 18 மி.மீ. எடுத்தால் 37. 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவைத் தாண்டும். 100 ஏஎச் லித்தியம் 12 கிலோதான் இருக்கும், இரண்டிலும் உருப்படியாக எடுக்க முடிகிற மின்சாரம் கிட்டத்தட்ட ஒன்றே.

காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)-ன்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். எஞ்சின் இல்லாததற்குப் பதிவு எதற்கு என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். பதிவுக்குப் போகிறவர் கையில் படிவம் 20-உடன், விற்பவர் தரும் படிவம் 21-ம், தயாரிப்பாளர் தரும் படிவம் 22-ம் இருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த இரண்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற பதில் வந்தால், இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிரெய்லருக்கென்று தனி எண் வரும். அதோடு பிரிவு 61-ன்படி இழுக்கும் காரின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். கார் பாலிசியிலும் டிரெய்லரைச் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். மாநில எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டும் நாளில்தான் இதெல்லாம் நினைவுக்கு வரும் என்று விட்டுவிடாதீர்கள்.

முன்பாரம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பும். டிரெய்லரில் அதே பின்பாரம் காரின் பின்பக்கத்தைத் தூக்கி, வேகத்தில் வண்டியை இடவலமாக ஆட்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் இறங்க வேண்டும். 500 கிலோ கேம்பருக்கு 50 முதல் 75 கிலோ. அது காரின் கையேட்டு வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும்.

சஸ்பென்ஷன். ஸ்பிரிங், வண்டியின் உண்மையான எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முக்கால் டன் சுமக்கும் சரக்கு வண்டியின் லீஃப் ஸ்பிரிங்கை 500 கிலோ கேம்பருக்குப் போட்டால் அது வளையவே வளையாது. ஒவ்வொரு ஹம்பிலும் அடி முழுக்கப் பெட்டிக்கு ஏறும். பிளைவுட் மூட்டுகள் விடும், ஜன்னல் ஓரத்தில் தண்ணீர் இறங்கும்.

நிறுத்துமிடம். காரோடு இணைக்க முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டிராபாரையும் சேர்த்து 3.5 மீட்டர் வரும். அடுக்குமாடியில் உங்களுக்கு எழுதிக்கொடுத்த இடத்தையும், பேஸ்மென்ட் சரிவின் உச்சியில் தலைக்கு மேல் இருக்கும் பீமின் உயரத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டு அளவு முடிவு செய்யுங்கள்.

## ஒரே பார்வையில்

| | கம்பெனி டிரெய்லர் | பட்டறையில் அடிப்பது | ஜெனரேட்டர் ட்ராலி | ஆம்னி பின்பாதி |
|---|---|---|---|---|
| காகிதம் | படிவங்களோடு வரும் | பெரும்பாலும் வராது | இருந்தால் அதிர்ஷ்டம் | பழைய ஆர்சி உதவாது |
| எடை | மிதமானது | உங்கள் கையில் | அதிகம் | அதிகம் |
| ஸ்பிரிங் | பொதுவாகப் பொருந்தும் | தேர்ந்தெடுக்கலாம் | பலவற்றில் இல்லை | நன்று |
| மறைவான செலவு | பாடி மாற்ற அனுமதி, நீள டிராபார் | பதிவு, தவறான வெல்டிங் | ஆக்சில், கப்ளிங் முழு மாற்றம் | வெட்டியபின் புது ஃபிரேம் |

## கம்பெனி லைட் டிரெய்லர்

சாலையில் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் இதிலிருந்து தொடங்குவதே நேர்வழி. சேஸிஸ் எண், எடைத் தகடு, படிவங்கள் எல்லாம் கையோடு வரும்; 50 மி.மீ. பந்தைக் கவ்விப் பிடிக்கும் கப்ளிங்கும் விளக்கும் இருக்கும்.

ஆனாலும் இதில் மூன்று சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, ஆர்சியில் பாடி வகை சரக்கு அல்லது திறந்த பாடி என்றிருக்கும். அதன்மேல் கேபின் கட்டுவது பிரிவு 52 சொல்லும் மாற்றத்துக்குள் வரும். வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் ஆர்டிஓவில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வெறும் சேஸிஸாகவே விற்கச் சம்மதிக்கும் தயாரிப்பாளர் கிடைத்தால் இந்தத் தலைவலியில் பாதி குறையும், கழற்றிப் போடப்போகும் தகட்டுக்குக் காசும் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. மெல்லிய தகட்டை வளைத்து போல்ட் போட்டுக் கட்டிய டிரெய்லர்களில் பக்கச் சுவர்களும் பலத்தின் ஒரு பகுதி. சுவரைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் ஏறி நின்றால் ஃபிரேம் முறுக்கிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். அந்த இடத்தில் கேம்பரின் பக்கச் சுவர்கள்தான் பாரம் தாங்கியாக வேண்டும். ஆகவே சுவரைத் தரையின்மேல் வெறுமனே நிறுத்தாமல், கீழே இறக்கி ஃபிரேமின் பக்கவாட்டில் போல்ட் போட வேண்டும்.

மூன்றாவது, டிராபார் குட்டையாக இருக்கும். திருப்பத்தில் கேம்பரின் முன்மூலை காரின் பம்பரைத் தொடும், டிக்கியும் திறக்காது. குட்டை டிராபாரோடு ரிவர்ஸ் எடுப்பதும் சிரமம், கண் சிமிட்டுவதற்குள் மடங்கிவிடும். இருக்கிற பைப்பின் நுனியில் இன்னொரு துண்டை வைத்து வெல்டு செய்து நீட்டாதீர்கள். தயாரிப்பாளரிடமே முழு நீளத்தில் புதிய டிராபார் கேளுங்கள்.

## பட்டறையில் அடிக்கும் ஃபிரேம்

இஷ்டப்பட்ட அளவு, குறைந்த எடை, நல்ல விலை என்று மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது இங்கேதான். பதிவு நடக்காமல் போகும் ஆபத்தும் இங்கேதான் அதிகம். டிரெய்லர் தயாரித்து படிவம் 22 தருகிற பட்டறையாக இருந்தால் தயங்காமல் கொடுக்கலாம். கேட்டும் கிரில்லும் அடிக்கும் பட்டறை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், அந்த வண்டி தோட்டத்துக்குள்ளும் பண்ணைக்குள்ளும் நிறுத்திவைக்க மட்டுமே ஆகும்.

பேரம் பேசுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபேப்ரிகேஷன் வேலைக்குக் கிலோ கணக்கில்தான் பெரும்பாலும் விலை சொல்வார்கள். கிலோவுக்குக் காசு என்றால் கனமான சேனலை ('ப' வடிவ இரும்பு) போடுவதில் அவருக்கு லாபம். அந்தக் கனத்தை ஆயுளுக்கும் இழுப்பது உங்கள் கார். வரைபடம், செக்‌ஷன் அளவு, மொத்த எடை மூன்றையும் எழுதிக் கொடுத்து, மொத்தத் தொகையாகப் பேசுங்கள்.

2.4 × 1.5 மீட்டர் தளத்துக்கு: 60 × 40 × 2.9 மி.மீ. செவ்வகப் பைப், மீட்டருக்குச் சுமார் 4.1 கிலோ. நீளவாட்டில் இரண்டு பைப் 4.8 மீட்டர், குறுக்கே ஐந்து 7.5 மீட்டர், முன்னால் ஏ வடிவ டிராபாருக்கு 4 மீட்டர். மொத்தம் 16.3 மீட்டர், 67 கிலோ. கடையில் 6 மீட்டர் நீளமாகத்தான் வரும். மூன்று பைப் போதும். இதையே ஐஎஸ்எம்சி 100 சேனலில் அடித்தால் மீட்டருக்கு 9.56 கிலோ வீதம் 156 கிலோ! அந்த 89 கிலோ வித்தியாசத்தில் ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு போகலாம். போதாக்குறைக்கு, திறந்த வாயுள்ள சேனல் முறுக்கைத் தாங்குவதில் மூடிய பைப்புக்குக் கிட்டவே வராது.

பிளக்கிற இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: டிராபார் முன் குறுக்குப் பைப்பைக் கடந்து உள்ளே போகும் மூட்டு. மேடு பள்ளத்தில் மேலும் கீழும் வளைவது முழுக்க அங்கேதான் குவிகிறது. டிராபாரை முன் குறுக்குப் பைப்போடு நிறுத்திவிடாமல் அடியில் ஓடவிட்டு இரண்டாவது குறுக்குப் பைப்பிலும் பிடிக்க வேண்டும். நீளவாட்டுப் பைப்பின் அடிப்பக்கத்தில் குறுக்காக வெல்டு கோடு போடக் கூடாது. அந்தக் கோட்டின் ஓரத்தில்தான் விரிசல் பிறக்கும். வெல்டு நீளவாக்கில் ஓட வேண்டும்; நுனியில் அரை அங்குலம் விட்டு நிறுத்த வேண்டும்.

ஜிஐ பைப்பில் அடித்தால் துருப்பிடிக்காதே என்று கேட்பார்கள். வெல்டு வரும் இடத்தில் இரண்டு பக்கமும் 50 மி.மீ. துத்தநாகப் பூச்சை கிரைண்டரில் எடுத்துவிட்டே வெல்டு செய்ய வேண்டும். எடுக்காமல் விட்டால் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டிலும் ஓட்டை விழும். பூச்சு போன அதே இடம்தான் பிறகு முதலில் துருப்பிடிக்கிறது. கருப்புப் பைப்பில் அடித்து நன்றாகப் பெயின்ட் அடிப்பதே மேல்.

## பழைய ஜெனரேட்டர் ட்ராலி, டிராக்டர் டிரெய்லர்

குஜிரிக்கடையில் (பழைய இரும்புக்கடை) விலை ஆசை காட்டும். வேண்டாம். கல்யாண மண்டபத்துக்கும் கட்டட வேலைக்கும் மெதுவாக இழுத்துப் போவதற்கென்று செய்தவை இவை. பலவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது. ஆக்சில் நேரடியாகச் சேனலில் வெல்டு ஆகியிருக்கும். வளையமும் பின்னும் கொண்ட கப்ளிங், காரின் பந்தில் மாட்டாது. ஆக்சில், சக்கரம், டிராபார் மூன்றையும் மாற்றியபிறகு மிஞ்சுவது நூற்றைம்பது கிலோ பழைய சேனல் மட்டுமே. ஓரிடத்தில் நிலையாக நிறுத்தி, தோட்டத்துக் கூடாரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

## ஆம்னியின் பின்பாதி

2019-ல் தயாரிப்பு நின்ற வண்டி என்றாலும் உதிரிபாகம் ஜே.சி. ரோட்டில் இன்னும் புரளும். பின்னால் லீஃப் ஸ்பிரிங், 12 அங்குலச் சக்கரம், பிரேக் டிரம் எல்லாம் கேம்பருக்கு ஏற்ற அளவு என்பதால் பலருடைய கண் இதன்மேல் விழுகிறது.

பாதியாக வெட்டுவதுதான் தப்பு. ஆம்னிக்கு லாரிபோல முழுநீள ஏணிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடும் கூரையும் தூணும் சேர்ந்துதான் பலம். வெட்டிய மறுகணம் அந்தப் பலம் போய்விடும், அதற்கு அடியில் புதிதாக ஒரு ஃபிரேம் அடித்தே ஆக வேண்டும். பின் ஆக்சிலிலோ சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் கனமான டிஃபரென்ஷியல் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்குவதே உள்ளே இருக்கும் ஷாஃப்ட் என்பதால் அதை உருவி எறிந்து எடை குறைக்கவும் முடியாது. புரொபெல்லர் ஷாஃப்ட் கழன்ற வாயை மூடி, கியர் ஆயிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரு சக்கர இடைவெளி சுமார் 1.2 மீட்டர்தான், ஒன்றரை மீட்டர் அகலப் பெட்டியைச் சக்கரத்துக்கு மேலே தூக்கி வைத்தால் வளைவில் சாயும்.

நல்ல வழி ஒன்று இருக்கிறது: ஸ்பிரிங்கையும் சக்கரத்தையும் மட்டும் எடுத்து, சக்கரம் மாட்டும் ஹப்போடு வரும் புது டிரெய்லர் ஆக்சிலில் பொருத்துவது. டிரம்மும் ஹேண்ட்பிரேக் கேபிளும் அந்த ஹப்பில் உட்காரும் என்றால் அதையும் விடாதீர்கள். சரிவில் கழற்றி நிறுத்தும்போது கல்லை மட்டும் நம்ப வேண்டியிராது. பாகம் எடுக்கும் வண்டி முழுதாக உங்கள் பெயரில் வந்தால், இனி ஓடாது என்று 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ரத்து செய்ய வேண்டும், பிரிவு 55.

## எதை எடுத்தாலும் செய்ய வேண்டிய தயாரிப்பு

சதுரம். சாக்பீஸால் குறி போட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. பிறகு கப்ளிங்கின் நடுவிலிருந்து ஆக்சிலின் இடது நுனிக்கும் வலது நுனிக்கும் அளங்கள். இதுவும் அதே 3 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். இதில் தப்பினால் வண்டி நண்டுபோல் பக்கவாட்டில் ஓடி, ஓசூர் தாண்டுவதற்குள்ளேயே டயரைத் தின்னத் தொடங்கும்.

ஆக்சில் இடம். தளத்தின் முன்விளிம்பிலிருந்து 60 சதவீதத்தில் வைக்கச் சொல்வார்கள், 2.4 மீட்டரில் அது 1.44 மீட்டர். தொடக்கத்துக்கு நல்ல எண், முடிவுக்குப் போதாது. கணக்கு இப்படி: எடை மையம் ஆக்சிலுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அதை மொத்த எடையால் பெருக்கி, பந்துக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் முன்பாரம். டிராபார் 1.1 மீட்டர் என்றால் தூரம் 2.54. 500 கிலோ வண்டியில் 60 கிலோ முன்பாரம் வேண்டுமானால் எடை மையம் ஆக்சிலுக்கு 30 செ.மீ. முன்னால் இருக்க வேண்டும்.

டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவக் கேம்பர்) கட்டுபவர்கள் அடுப்படியைப் பின்னால் வைப்பார்கள். ஆக்சிலுக்கு 90 செ.மீ. பின்னால் 40 கிலோ அடுப்படிச் சாமான் ஏறினால், முன்பாரத்திலிருந்து 14 கிலோ காணாமல் போகும். ஆகையால் தண்ணீர் கேனையும் பேட்டரியையும் முன்னால் வையுங்கள். ஸ்பிரிங் பிராக்கெட்டை முதலில் போல்ட்டிலோ கிளாம்பிலோ தற்காலிகமாகப் பிடித்து, பெட்டி கட்டி முடித்து, சாமான் ஏற்றி எடை பார்த்தபிறகு முழு வெல்டுக்குப் போங்கள். டிராபாரை ஓட்டத்தில் நிற்கும் உயரத்திலேயே ஒரு கட்டைமேல் வைத்து, கட்டைக்கு அடியில் குளியலறை எடைக்கருவியை வைத்தால் முன்பாரம் தெரிந்துவிடும். மொத்த எடைக்கு எந்த வே பிரிட்ஜும் போதும்.

வெல்டு செய்யும்போது எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். ஃபிரேமின் மறுகோடியில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாக ஓடி, உருளைகளில் பொட்டுப்பொட்டாகக் குழி விழும். ஸ்பிரிங் பிளேட்டைத் தொட்டு ஒருபோதும் வெல்டு வைக்கக் கூடாது. சூடு பட்ட இடத்தில் பிளேட் முறியும்.

துரு. பைப்பின் திறந்த வாய்களை மூடி, தாழ்ந்த இடங்களில் 8 மி.மீ. துளை போடுங்கள், மூடியதிலும் ஈரம் சேரும், வெளியேற வழி வேண்டும். பழைய ஃபிரேம் என்றால் சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்ற ஓசை மங்கி 'டொக்' என்று விழும் இடத்தில் இரும்பு உள்ளே அரித்திருக்கிறது. வெல்டின் மேல் படிந்த கசடை (ஸ்லாக்) கொத்தி, ஒயர் பிரஷ் போட்டு, தின்னரால் துடைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட், மேலே எனாமல். தரைப் பிளைவுட்டின் அடிப்பக்கத்தைவிட அதன் ஓரங்கள்தான் தண்ணீரைக் குடிக்கும். ஓரத்துக்கு மூன்று கோட் எபாக்சி.

தரையை மாட்ட நீளவாட்டுப் பைப்பின் மேலும் கீழும் துளைத்துப் போல்ட் விடாதீர்கள். பைப்பின் பக்கத்தில் சின்னக் காதுகள் வெல்டு செய்து, 40 செ.மீ.க்கு ஒன்றாக எம்10 போல்ட், அகல வாஷர்.

சக்கரம். டயரின் பக்கத்தில் இருக்கும் லோடு எண்ணைப் பாருங்கள்: 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ, 80 என்றால் 450, 86 என்றால் 530. நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். நின்றே கிடக்கும் கேம்பரின் டயர் தேய்வதற்கு முன் வெடித்து விரியும், பூக்கள் (தரையைப் பிடிக்கும் வரிகள்) புதிதாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். பேரிங்கைக் கழுவி, கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கு நடுவே ஏறும்வரை அழுத்தி நிரப்புங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பேரிங் நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, விரலால் திருகும் அளவில் விட்டுப் புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள்.

கப்ளிங், ஒயரிங். காரில் பந்தைச் சேஸிஸ் மெம்பரில் பிடிக்க வேண்டும், பம்பரில் அல்ல. காரில் ஆட்கள் உட்கார்ந்தபின் பந்தின் உயரத்தை அளந்து, டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி செய்யுங்கள். இரண்டு சங்கிலிகள், டிராபாருக்கு அடியில் குறுக்காக. பந்து கழன்றாலும் நுனி தரையில் குத்தாமல் சங்கிலியில் விழும். ஏழு பின் சாக்கெட்டில் எர்த்துக்குத் தனி ஒயர் ஓட்டுங்கள். பந்தின் வழியே எர்த் எடுத்தால் கிரீஸும் துருவும் குறுக்கே வந்து, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்கும். புதிய கார்களில் டெயில் லைட் ஒயரை நேரே கிழித்து இணைக்காமல் ரிலே பெட்டி வழியாக எடுங்கள். மின் சுமை கூடினால் காரின் கன்ட்ரோல் யூனிட் பிழை காட்டும்.

முதல் ஓட்டம் காலியாக 10 கிலோமீட்டர் போதும். இறங்கி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் பேரிங் நட்டு இறுகியிருக்கிறது. 50 கிலோமீட்டரில் வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். முதல் மலைப்பயணம் முடிந்து வந்ததும் டிராபார் மூட்டில் மண்ணெண்ணெயோ டீசலோ தடவி, பத்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, அதன்மேல் சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளைப் பொடியில் மயிரிழைபோல ஒரு ஈரக்கோடு கசிந்து வரும். கோடு வந்தால் மேலே இன்னொரு வெல்டு பூசி மறைக்காமல், விரிசலின் இரு நுனியிலும் துளை போட்டு, முழுதும் கிரைண்டரில் தோண்டி எடுத்து, புதிதாக நிரப்பச் சொல்லுங்கள்.